விதை வெங்காயம் தந்தவர்களுக்கும் ஐஸ் தந்தவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புக்குரியவர்களே,

திருகோணமலை மாவட்டத்துப் பயிர்களின் நிறமூர்த்தங்களை (குரோமோசோம்கள், கலத்துக்குள் டி.என்.ஏ.யைத் தாங்கும் இழைகள்) எண்ணிப் படமெடுக்கும் வேலையின் முதற் கட்டம் முடிந்துவிட்டது. சின்ன வெங்காயம், நெல், கடுகு, கச்சான் (நிலக்கடலை) நான்குக்கும் எண்ணக்கூடிய வழுக்கிகள் (நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகடுகள்) கிடைத்திருக்கின்றன. நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருப்பவரின் பங்கு இந்த வேலையில் மிகச் சிறியது. உயிரோடு பிரிந்துகொண்டிருக்கும் வேர்நுனி நேரத்துக்கு வந்து சேராவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த கருவியாலும் பயனில்லை. யார் தந்த எது எங்கே உதவியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி கூறவே இம்மடல்.

முதல் நன்றி நிலாவெளி, குச்சவெளி வெங்காயத் தோட்டக்காரருக்கு. புதிதாகக் கிண்டிய வெங்காயம் உறக்கத்தில் இருக்கும், வேர் விடச் சுணங்கும். முளை தடுக்கும் மருந்து பட்ட வெங்காயத்தில் கலப்பிரிவே நின்றுபோகும். நீங்கள் அடுத்த போகத்துக்கென்று கட்டித் தொங்கவிட்டிருந்த விதை வெங்காயத்திலிருந்து எடுத்துத் தந்தீர்கள். காய்ந்த பழைய வேரைச் சுரண்டிவிட்டு, அடித்தட்டு மட்டும் நீரில் தொடும்படி யோகட் கப்பின் வாயில் இருத்தினால், மூன்று நான்கு நாளில் ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெள்ளை வேர் இறங்கும். வெட்ட வேண்டிய பருவம் அதுதான். நீளட்டும் என்று விட்டால் நுனியில் பிரியும் கலங்கள் குறைந்துவிடும். கரையோரக் கிணற்று நீரில் உப்பு ஏறியிருந்தால் வேர் பழுத்துக் கட்டையாகிவிடும் என்று எச்சரித்தவர்களும் நீங்களே. குழாய் நீரை ஒரு இரவு திறந்து வைத்து, குளோரீன் போன பிறகே பயன்படுத்தினோம். நீரை நாளுக்கு ஒருமுறை மாற்றினோம்.

நெல் விதை தந்த தம்பலகாமத்து விவசாயிகளுக்கும், கச்சான் தந்த மூதூர் உறவுகளுக்கும் நன்றி. கடுகு சமையலறையிலிருந்தே வந்தது. ஈரத் தாளில் இரண்டு நாளில் முளைக்கும் அந்த விதையை வீட்டிலிருந்து கொண்டுவந்த அம்மாமாருக்கும் நன்றி.

அடுத்து ஐஸ். மீன் ஏற்றும் இடத்திலிருந்து அதிகாலையில் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் அனுப்பிய தம்பிமாரே, உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘வேருக்கு எதற்கு ஐஸ்?’ என்று கேட்டீர்கள். கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இரண்டு பக்கமும் இழுப்பவை கதிர்நார்கள். பூச்சியம் பாகைக்கு அண்மையில் அந்த நார்கள் கலைந்துபோகும். இழுக்க ஆள் இல்லாததால் நிறமூர்த்தங்கள் பாதி வழியில், அனுவவத்தையில், சுருங்கித் தடித்து ஒன்றையொன்று விட்டு விலகிக் கிடக்கும். 24 மணித்தியாலம் ஐஸ் நீரில் வைத்த வேரில் அப்படிப்பட்ட கலங்கள் நிறையச் சேர்ந்திருக்கும். வைக்காத வேரில் பெரும்பாலான கலங்கள் பிரியாத நிலையில் வெறும் உருண்டைக் கருவாகவே தெரியும். பிரிந்துகொண்டிருக்கும் ஒன்றிரண்டிலும் நிறமூர்த்தங்கள் நூல் சிக்கல்போல் பின்னிக் கிடக்கும், எண்ண வராது.

மீன் படாத, உப்புச் சேராத ஐஸ் வேண்டும் என்று நாங்கள் அடம்பிடித்ததற்கும் காரணம் உண்டு. உப்புச் சேர்ந்தால் ஐஸ் நீரின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். வேருக்குள் இருக்கும் நீர் உறைந்து கலங்களைச் சிதைத்துவிடும். அந்தச் சிரமத்தை முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்டீர்கள்.

கார்த்திகைக் கிழங்கு கொண்டுவந்து தந்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. அதில் இருக்கும் கொல்கிசினும் கதிர்நாரைக் கலைப்பதுதான். 1938இல் சுவீடன் மரபியலாளர் லெவான் வெங்காய வேரில் அதைத்தான் சோதித்தார். ஆயினும் கிழங்கில் எவ்வளவு கொல்கிசின் இருக்கும் என்று அளவு சொல்ல முடியாது, அது உயிரைக் குடிக்கும் நஞ்சு. யாரும் வீட்டில் அரைத்துப் பார்க்க வேண்டாம். நெல்லுக்கும் கடுகுக்கும் ஐஸ் மட்டும் போதவில்லை, அவற்றின் நிறமூர்த்தங்கள் மிகச் சிறியவை. அதே வேலையைச் செய்யும் 8-ஐதரொக்சிகுயினோலின் என்ற தூளை லீற்றருக்கு 0.29 கிராம் கரைத்து, குளிரூட்டிய அறையில் மூன்று, நான்கு மணித்தியாலம் வைத்தோம். அது இலேசில் கரையாது, சுடுநீரில் வைத்துக் கலக்க வேண்டும். அந்தத் தூளை ஒரு பிடிக்குள் அடங்கும் சிறு போத்தலில் தந்துதவிய ஆசிரியைக்கு நன்றி.

எதனோல் ஏற்பாடு செய்தவர்களின் உதவி வெளியே தெரியாதது. மூன்று பங்கு எதனோலும் ஒரு பங்கு அசற்றிக் அமிலமும் சேர்ந்த கலவையில் போட்டால்தான் கலம் அந்தக் கணத்து நிலையிலேயே நிலைக்கும். கடை வினாகிரியில் பெரும்பங்கு நீர்தான், காயத்துக்குப் பூசும் ஸ்பிரிட்டிலும் நீர் உண்டு. இரண்டும் இதற்கு உதவாது. கலவையை அன்றன்றே செய்ய வேண்டும். வைத்திருந்தால் எதனோலும் அமிலமும் சேர்ந்து எசுத்தராகி வலுக் குறையும். வேரின் கனவளவைப் போலப் பத்து மடங்காவது கலவை வேண்டும். ஒரு நாள் கழித்து 70 சதவீத எதனோலுக்கு மாற்றிப் பிரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும்.

பாடசாலை ஆய்வுகூடத்தைத் திறந்துவைத்து, 60 பாகையில் நீர்த்தொட்டியைப் பார்த்துக்கொண்ட உத்தியோகத்தருக்கு அடுத்த நன்றி. பதினொரு பங்கு நீருக்குள் ஒரு பங்கு செறிந்த ஐதரோக்குளோரிக் அமிலத்தை மெல்ல ஊற்றிச் செய்த கரைசலில் வெங்காய வேர் எட்டு முதல் பத்து நிமிடம் இருந்தது. கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்ரின் அங்கேதான் தளரும். நேரம் குறைந்தால் நுனி அமுக்குப்படாது, கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். கூடினால் நுனி கூழாகிப் போத்தலின் அடியில் தங்கிவிடும், சாயமும் சரியாக ஏறாது. மின்சாரம் நின்ற வேளைகளில் அவர் கேத்தில் நீர் கலந்து வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அந்த 60ஐக் காத்தார்.

சாயம் அசற்றோகாமைன். கடைசி ஒன்றரை மில்லிமீற்றரை மட்டும் பிளேட்டால் வெட்டி எடுத்து, ஒரு துளியில் வைத்து, இரும்பு ஊசியால் குத்திக் கலைக்க வேண்டும். ஊசி இரும்பாக இருப்பதில் விசயம் இருக்கிறது. அதிலிருந்து சிறிது இரும்பு கரைந்து சாயத்தைக் கருஞ்சிவப்பாக்கி நிறமூர்த்தத்தில் பிடிக்கச் செய்யும். அதிக நேரம் கிண்டினால் சாயம் மண்டியாகப் படிந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். பிறகு மேற்கண்ணாடியை வைத்து, வடிதாளால் மூடி, பெருவிரலால் நேர்கீழாக அழுத்த வேண்டும். பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கலங்கள் உருண்டு கந்தலாகும். அந்த அழுத்தத்தைச் சொல்லிக்கொடுத்து எவரும் பழக முடியாது. அருகில் நின்று கைபிடித்துக் காட்டிய இளைப்பாறிய தாவரவியல் ஆசிரியருக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்த வில்லைகளைத் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்டு வைத்த வைத்தியசாலைத் தம்பிக்கும் நன்றி.

தோட்டக்காரர் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: நிறமூர்த்தம் வெங்காயத்தில் 16, நெல்லில் 24 என்றால் நெல்தான் பெரிய சாமானா? மிக நல்ல கேள்வி. எண்ணிக்கை வேறு, உள்ளே இருக்கும் டி.என்.ஏ.யின் அளவு வேறு. நெல்லின் ஒரு தொகுதி நிறமூர்த்தங்களில் ஏறத்தாழ 39 கோடி டி.என்.ஏ. எழுத்து. வெங்காயத்தின் ஒரு தொகுதி ஏறத்தாழ 1,600 கோடி, மனிதனுடையதைப் போல ஐந்து மடங்கு. அதில் பெரும்பங்கு தன்னைத்தானே பிரதி எடுத்து அங்கங்கே செருகிக்கொள்ளும் துண்டுகள். இடம் மாறும் இத்தகைய துண்டுகளைச் சோளத்தில் முதலில் கண்டவர் பார்பரா மக்கிளின்றொக், 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வெங்காய நிறமூர்த்தம் கண்ணுக்குக் கொழுத்துத் தெரிவதும், நெல்லினுடையது புள்ளி புள்ளியாக நின்று எங்களைப் பாடாய்ப் படுத்தியதும் இதனால்தான்.

கடுகில் 36 வந்ததைப் பார்த்து வீட்டார் வியந்தீர்கள். எங்கள் சமையல் கடுகு இரண்டு இனங்கள் கலந்து பிறந்தது. ஒன்றின் பாலணுவில் (இனப்பெருக்கக் கலத்தில்) 10, மற்றதில் 8. கலந்த பின் தொகுதி இரட்டித்ததால் பாலணுவில் 18, உடற்கலத்தில் 36. இந்த உறவை 1935இல் தாவரவியலாளர் நாகஹாரு யூ விளக்கினார். கச்சானின் 40உம் இதே வகைதான்: தென்னமெரிக்காவின் இரு காட்டினங்கள், ஒவ்வொன்றின் உடற்கலத்திலும் 20. பயிர்களின் இத்தகைய எண்களைத் திரட்டி 1945இல் ஆங்கிலேய மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து தொகுத்தவர் தலச்சேரியில் பிறந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள். அவர் கோயம்புத்தூரில் கரும்பில் பார்த்த வேலைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் கடன்பட்டவர்கள்.

வழுக்கிகளைப் பார்க்க எல்லோரும் வரலாம், உங்கள் தோட்டத்து வெங்காயத்தின் பதினாறையும் நீங்களே எண்ணலாம். ஒரு சோடியின் முனையில் மட்டும் சிறு குமிழ் ஒன்று தனித்துத் தெரியும், அதைத் தேடிப் பாருங்கள். விளிம்புக்குக் கியூட்டெக்ஸ்தான் பூசியிருக்கிறோம், பிரிட்ஜில் வைத்தாலும் ஒரு கிழமைக்கு மேல் தாங்காது, சாயம் காய்ந்து வெடித்துவிடும். வருவதானால் சுணங்காமல் வாருங்கள். வரும்போது முளைவிட்ட விதை வெங்காயம் இருந்தால் இரண்டு கொண்டுவாருங்கள், புதிய வழுக்கி போட்டுக் காட்டுகிறோம்.

மிக்க நன்றியுடன்,
நிறமூர்த்தக் கணிப்பில் ஈடுபட்ட ஆசிரியர்களும் மாணவர்களும்
திருகோணமலை