ஓக் வீட்டுக்கு சிமென்ட் ஆகாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த இங்கிலாந்துக் கிராம வீடுகள் பற்றிய கட்டுரையில், மரச்சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே விரிசல் கண்டால் சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம் என்று இருந்தது. அந்த வீடுகளுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை.

சசெக்ஸ் வட்டாரத்தில் ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்துப் பாதிரியார் இல்லத்தையே பாருங்கள். 14ஆம் நூற்றாண்டு வீடு. பாழடைந்து கிடந்ததை, பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1896இல் 10 பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் இதுதான். நடுவில் கூரைவரை திறந்த கூடம், இரு பக்கமும் மாடி அறைகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து வேய்ந்த ஒரே கூரை.

இத்தகைய வீட்டில் பாரம் முழுவதையும் தாங்குவது ஓக் மரச் சட்டங்கள். சுவர், சட்டங்களுக்கு நடுவே உள்ள இடத்தை அடைக்க மட்டுமே: குச்சிகளை நிறுத்தி, மெல்லிய கழிகளைக் குறுக்கே பின்னி, வைக்கோலும் சாணமும் கலந்த களிமண்ணை இருபுறமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். சட்டங்களை இணைக்க இரும்பு ஆணி கிடையாது. காயாத பச்சை ஓக்கில் கழுந்து (அடுத்த சட்டத்தின் குழிக்குள் நுழையும் நாக்கு) செதுக்கும்போதே, அதன் முளைத்துளையை அடுத்த சட்டத்தின் துளைக்கு நேராக இல்லாமல் 2, 3 மில்லிமீட்டர் தள்ளிப் போடுவார்கள். மரமுளையை அடிக்க அடிக்க, கழுந்து உள்ளே இழுபட்டு மூட்டு இறுகும். மரம் காய்ந்து சுருங்கினாலும் பிடி தளராது.

மரமும் மண்ணும் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்குபவை. ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழத்தான் செய்யும். உள்ளே போகும் மழைநீரைக் களிமண்ணும் சுண்ணாம்பும் உறிஞ்சி, வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமென்ட் வளைந்து கொடுக்காது. மரம் சுருங்கியதும் அதன் ஓரத்தில் புதுக் கீறல் விழுந்து, அதன் வழியே நீர் இறங்கும். இறங்கிய நீர் காய வழியில்லாமல் சுவரின் அடியில் கிடக்கும் அடிச்சட்டத்தில், கழுந்து நுழையும் குழிகளில் தேங்கும். வெளியே சுவர் பளிச்சென்று இருக்க, உள்ளே ஓக் மக்கிக்கொண்டிருக்கும். ஈரமான ஓக்கைத் தேடி வண்டும் வரும்.

ஏற்கெனவே சிமென்ட் பூசியிருந்தால், மரத்தைக் காயப்படுத்தாமல் கை உளியால் சிறிது சிறிதாகப் பெயர்க்க வேண்டும். அடிச்சட்டத்தைக் கத்தி முனையால் குத்திப் பார்த்து, மக்கிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, புது ஓக்கைச் சாய்வெட்டில் ஒட்டுப்போடலாம். முழுச் சட்டத்தையும் மாற்றத் தேவையில்லை. பிறகு பழைய மண்ணின் விளிம்பை நனைத்து, வைக்கோல் கலந்த களிமண்ணை மெல்லிய அடுக்குகளாக அப்பி, காய்ந்தபின் சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும். அதன்மேல் நான்கைந்து முறை நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பு அடிக்க வேண்டும். உறைபனிக் காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது. பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உள்ள வீடென்றால் முன் அனுமதியும் வேண்டும்.

கட்டுரையின் அந்தக் குறிப்பை அடுத்த இதழிலேயே திருத்தி வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்