கடைசி அத்தியாயம் கேட்கும் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கைப்பிரதிகளைப் படித்து, இது நூலாகும், இது ஆகாது என்று முடிவு சொல்லும் தமிழ்ப் பதிப்பாசிரியர்களுக்கு வணக்கம்.

என் அத்தைப்பாட்டியைப் பற்றி 212 பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். பாதி நானே பார்த்தது, கேட்டது. மீதி நான் பிறப்பதற்கு முந்திய காலம். அதை நாவலாகத்தான் எழுத முடிந்தது. போன வருஷம் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்த பதிப்பாசிரியர் அக்கறையோடு படித்திருந்தார். பக்க ஓரங்களில் பென்சில் குறிப்புகள் இருந்தன. நேரில் வரச்சொல்லிப் பேசினார்.

"எழுத்து நல்லா இருக்குங்க. ஆனா கல்யாணமான பதினோராம் நாள் ஏன் திரும்பி வந்தாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே. அது தெரியாம வாசகர் எப்படி அவங்க பக்கம் நிப்பாங்க?"

எனக்கும் தெரியாது என்றேன். அவரிடம் அதற்கும் வழி இருந்தது. "நாவல் பகுதிதானே? ஒரு பழைய காதல் இருந்ததா வெச்சுக்கலாம். இல்லேன்னா மாப்பிள்ளை குடிகாரர். கடைசியில குடும்பம் அவங்களைப் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒரு அத்தியாயம் சேர்த்துட்டா முழுசாயிடும்."

கைப்பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் கேட்ட கேள்வியைப் பத்து வயதிலிருந்து நானும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஏன் அத்தைப்பாட்டி வந்துட்டீங்க?" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். "வந்துட்டேன்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது.

அவர் அச்சாபீசில் எழுத்துக் கோத்தவர். குழி குழியாகப் பிரித்த எழுத்துப் பெட்டியான கேஸுக்கு முன்னால் நின்றபடி, இடது கையில் வரி அடுக்குகிற சட்டமான ஸ்டிக்கைப் பிடித்து, வலது கையால் ஈய எழுத்துகளைப் பொறுக்கிப் பொறுக்கி அடுக்குவார். கண் கைப்பிரதியில் இருக்கும். விரல் தானாகக் குழி குழியாகப் போய்வரும். கொம்பு ஒரு குழி, கால் ஒரு குழி. கோத்து முடித்த வரிகளைத் தலைகீழாக, இடவலம் மாறியபடியே படித்துப் பிழை சொல்வார். வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எப்போதும் கறுத்தே இருக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது, பழைய கொம்பு 'லை', 'ணை' எல்லாம் உருக்கப் போயின. அதில் ஒரேயொரு 'லை'யை எடுத்துத் தைலக்குப்பி இருந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பம் ஒன்றில் குடும்பம் முழுக்க நிற்கிற படம் உண்டு. யார் யார் என்று பெரியவர்கள் விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போவார்கள். வலது ஓரத்தில், வாட்ச் கட்டிய ஒரு கை முழங்கைவரைக்கும் தெரியும். அங்கே வந்ததும் விரல் அடுத்த வரிசைக்குத் தாவிவிடும். அது அத்தைப்பாட்டியின் கை.

பதிப்பாசிரியர் கேட்டதை வைத்து நான் பல நாள் யோசித்தேன். எங்கோ கேட்ட கேள்வி மாதிரி இருந்தது. காரைக்கால் அம்மையாரை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் பிடிபட்டது.

அம்மையார் கதை நமக்கெல்லாம் தெரியும். கணவன் பரமதத்தன் அனுப்பிய இரண்டு மாங்கனிகள், ஒன்றை அடியாருக்கு இட்டது, இறைவன் தந்த கனி, பயந்துபோய்க் கடல் கடந்த கணவன், அவன் இன்னொருத்தியை மணந்தது, அவனுக்காகத் தாங்கிய தசைப்பொதியைக் கழித்து அம்மையார் பேய் வடிவம் வேண்டிப் பெற்றது. இதைச் சொன்னவர் சேக்கிழார், 12-ஆம் நூற்றாண்டில், பெரியபுராணத்தில். அம்மையார் வாழ்ந்தது அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு. அவரே பாடியவையும் நம்மிடம் இருக்கின்றன: அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள். அவற்றில் மாங்கனி இல்லை. கணவன் இல்லை. கைவிடப்பட்ட துயரமும் இல்லை. "பிறந்து மொழிபயின்ற பின்னெல்லாம் காதல் சிறந்துநின் சேவடியே சேர்ந்தேன்" என்றுதான் அந்தாதி தொடங்குகிறது. பேச்சு வந்த நாளிலிருந்தே இப்படித்தான் என்கிறார். சுடுகாட்டுப் பேயை, கொங்கை திரங்கி நரம்பெழுந்து என்று பாடுகிறார். கையெழுத்துப் போடுவதுபோலத் தன்னைக் 'காரைக்கால் பேய்' என்று சொல்லிக்கொள்கிறார். அதற்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை.

சேக்கிழார் பெருங்கவி. அவர் இல்லாவிட்டால் அம்மையாரை நாம் இவ்வளவு நெருக்கமாக நினைத்திருக்க மாட்டோம். ஆனி மாதம் காரைக்காலில் மாங்கனித் திருவிழாவும் இருந்திருக்காது. என் மனத்தில் தைத்தது வேறு. அவள் வாக்குமூலத்தில் இல்லாத காரணம் பிறகு வந்த கதையில் இருக்கிறது. கணவன் போனதால் பேயானாள் என்றால் நமக்குப் புரிகிறது, இரக்கப்பட முடிகிறது. மொழி பயின்ற நாளிலிருந்தே அப்படி என்றால் என்ன செய்வதென்று தெரிவதில்லை. தன்வரலாற்றுக்கும் சரித்திரப் புனைவுக்கும் நடுவே இருக்கிற பள்ளம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பள்ளத்தில்தான் அந்தப் பதிப்பாசிரியரும் நானும் உட்கார்ந்து அன்றைக்குப் பேசிக்கொண்டிருந்தோம்.

நம் காலத்துக்கு வருகிறேன். மணலூர் மணியம்மை. பிராமணக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே விதவையானவர். கிராப்பு வெட்டி, வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டியவர். சேரிக்குள் போய்ச் சேர்ந்து நின்றார். சிலம்பம் கற்றார். முதலில் காங்கிரஸ், பிறகு கம்யூனிஸ்ட் கட்சி. 1953-இல் ஒரு மான் முட்டி இறந்துபோனார். கொம்பு வளர்ந்த மான். எந்த நாவலாசிரியரும் இப்படி ஒரு முடிவைக் கற்பனையில் எழுதத் துணியமாட்டார். எழுதினால் நீங்கள் பென்சிலால் சுழிப்பீர்கள். ஆனால் நடந்தது அதுதான்.

அவர் வாழ்க்கையை வைத்து ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' எழுதினார். களத்துக்குப் போய், உழைக்கிறவர்களோடு பேசி எழுதுகிறவர் அவர். உப்பளத்தைப் பற்றி எழுதவேண்டுமென்றால் தூத்துக்குடி உப்பளத்துக்கே போனவர். சரித்திர நாவலென்றால் தேரும் வாளும் அந்தப்புரமும் என்றிருந்த நம் ஊரில், வேட்டி கட்டிய ஒரு விதவையும் அதற்குள் வரலாம் என்று காட்டினார். ஆனால் இன்றைக்கு எத்தனை பேர் கையில் அந்த நாவல் இருக்கிறது? இளவரசிகளுக்கு வருஷா வருஷம் புதுப் பதிப்பு வருகிறது.

தன்வரலாறுகளின் நிலையும் உங்களுக்குத் தெரியாததில்லை. திருநங்கையான ரேவதி தன் வாழ்க்கையைத் தமிழில்தான் எழுதினார். ஆனால் 2010-இல் ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் அது முதலில் நூலானது. 'வெள்ளை மொழி' என்று தமிழில் வந்தது அதற்குப் பிறகு. தமிழில் எழுதப்பட்டது தமிழுக்குச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது. இதை யார்மேலும் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. அடுத்த ரேவதியின் கைப்பிரதி இப்போது உங்களில் ஒருவர் மேசையில் கிடக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது, கன்னியர் மடத்திலிருந்து வெளியேறிய ஒரு தலித் பெண் தன் ஊர்ப் பேச்சிலேயே பேசினாள். அந்தப் பேச்சை யாராவது செந்தமிழாகத் திருத்தியிருந்தால் நமக்குக் கிடைத்திருக்கக்கூடியது என்ன? யோசிக்கவே பயமாக இருக்கிறது.

நான் கேட்பது பெரிதில்லை. சரித்திரப் புனைவில் கற்பனை கூடாது என்று சொல்ல நான் யார்? என் கைப்பிரதியிலேயே 1950-களின் மழை நாள் ஒன்று முழுக்க என் கற்பனைதான். அத்தைப்பாட்டி அன்றைக்கு என்ன சாப்பிட்டார், வாசலில் யார் நின்றார்கள், பெட்டியை யார் தூக்கினார்கள், எல்லாம் நான் இட்டுக் கட்டியது. அதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் அவர் சொல்லாமல் வைத்துக்கொண்ட காரணத்தை நான் இட்டுக்கட்ட மாட்டேன். எழுபது வருஷம் ஊர் கேட்டும் கொடுக்காததை, அவர் இல்லாத நேரத்தில் நான் எடுத்துக் கொடுப்பது திருட்டு. குடும்பம் அவரைப் புரிந்துகொண்டதாகவும் எழுத மாட்டேன். புரிந்துகொள்ளவில்லை. கடைசிவரைக்கும் பந்தியில் அவருக்குத் தனியாகத்தான் இலை போட்டோம், நானும் சேர்ந்துதான்.

ஆகவே, ஒட்டாத ஒரு பெண்ணின் கதை உங்கள் மேசைக்கு வரும்போது, அவள் ஏன் அப்படி ஆனாள் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவள் என்ன செய்தாள், எதில் கைதேர்ந்தவள், யாரோடு சிரித்தாள், ராத்திரி எங்கே படுத்தாள் என்று கேளுங்கள். எழுதியவளிடம் அதற்கெல்லாம் பக்கம் பக்கமாகப் பதில் இருக்கும். விடுபட்ட இடத்தை விடுபட்ட இடமாகவே அச்சேற்றுங்கள். எங்கள் வாசகர்களும் பேசாத அத்தைகளோடு வளர்ந்தவர்கள்தான்.

என் கைப்பிரதியில் பதினோராம் நாளுக்கு ஒரே வரிதான் இருக்கிறது: "மத்தியானம் மூன்று மணிக்கு வந்தார், குளித்தார், அடுத்த திங்கள்கிழமை வேலை தேடிப் போனார்." அந்த வரியை அப்படியே விடச் சம்மதிக்கிற பதிப்பாசிரியர் யாராக இருந்தாலும், 212 பக்கத்தையும் மறுநாளே தபாலில் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஆல்பத்தில் அந்தக் கையைத் தெரிந்த ஒருத்தி