காலிமுகத்திடலில் ஒரு வாய்க் கஞ்சி

அன்புள்ள பிள்ளைக்கு,

போனில் கதைத்தால் இருவரும் கத்திவிடுவோம். அதுதான் எழுதுகிறேன்.

தேர்தலில் நான் ஜேவிபி என்ற சிங்கள இடதுசாரிக் கட்சி தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்தியின் சின்னத்துக்கு வாக்குப் போட்டதைக் கேட்டதும், "திசைகாட்டிக்கா புள்ளடி போட்டீங்கள்? அப்பப்பா இருந்திருந்தால்..." என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். இருந்திருந்தால் என்னோடு கதைத்திருக்க மாட்டார், சரிதான். 1956 ஜூன் 5ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகக் கொழும்பு காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் காடையர் அடித்தபோது, கந்தோரிலிருந்து சும்மா பார்க்கப் போன அவரும் அகப்பட்டுக்கொண்டார். கிழிந்த சேர்ட்டோடு கொட்டாஞ்சேனை வரை நடந்தே வந்தாராம். அந்தச் சேர்ட்டை அப்பம்மா கனகாலம் தைக்காமலே வைத்திருந்தார். பிறகு சிங்களச் சோதனை எடுக்க மாட்டேன் என்று வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். 1977இல் என் முதல் புள்ளடி தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனுக்கு. நான் யோசித்துப் போட்டதில்லை. அவர் சொன்னார், போட்டேன்.

தமிழரை அடித்த 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எனக்கு ஒரே கொள்கை, வாயை மூடிக்கொண்டிருப்பது. வெள்ளவத்தை வீட்டில் அரசியல் கதைக்காதே என்று உன்னை எத்தனை தரம் அதட்டியிருப்பேன்! தமிழன் என்பதால் எடுக்கவேண்டியிருந்த பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன் வேறு எதைச் சொல்லித் தருவது? நீ ரொறன்ரோ போய்த்தான் கொடி பிடித்தாய். எனக்கு முதலில் கோபம், பிறகு கொஞ்சம் பெருமை. அம்மாவிடம் சொல்லாதே.

2022 மே 18, நானும் சும்மா பார்க்கத்தான் போனேன். ஜனாதிபதி கோட்டாபயவைப் போகச் சொல்லிக் காலிமுகத்திடலில் கூடாரம் அடித்திருந்த கோட்டா கோ கமவில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள், 2009இல் போரின் கடைசி நாட்களில் அங்கே அகப்பட்ட சனம் குடித்த வெறும் அரிசிக் கஞ்சியின் நினைவாக. பக்கத்தில் நின்ற சிங்களப் பெடியனுக்கு உன் வயதிருக்கும். ஒரு வாய் குடித்துவிட்டு, "இதில் ஏன் அங்கிள் ஒன்றுமில்லை?" என்று சிங்களத்தில் கேட்டான். சொன்னேன். 2009இல் நடந்ததை ஒரு சிங்களவரிடம் நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அவன் ஒன்றும் பேசவில்லை. மிச்சத்தையும் குடித்து முடித்தான்.

நீ சொல்வது எனக்கும் தெரியும். 2006இல் உச்ச நீதிமன்றத்தில் வடக்கு கிழக்கு மாகாணங்களின் இணைப்பை உடைத்த வழக்குக்குப் பின்னால் நின்றவர்கள் ஜேவிபிக்காரர். அவர்கள் திருந்திவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. 2024இல் யாழ்ப்பாண மாவட்டத்திலேயே ஆறு ஆசனத்தில் மூன்று அவர்களுக்குப் போனது. அதை வைத்து உன்னோடு வாதாடவும் மாட்டேன், ஊரே சேர்ந்தும் பிழை விடலாம். நான் அந்தப் பெடியனை நினைத்துத்தான் போட்டேன். அடுத்த முறை மாற்றிப் போட்டாலும் போடுவேன்.

டிசம்பரில் வா. சண்டை பிடிக்கவென்றாலும் வா. காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கித் தருகிறேன். விலையை மட்டும் கேட்காதே.

அப்பா