பேச்சு போன நாளில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு

தங்கச்சிமடம் உறவுகளுக்கு, இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

நான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, மகள் எழுதுகிறாள். இந்தப் பொறுமைக்கே அவளுக்கு முதல் நன்றி.

பங்குனியில் ஒருநாள் விடியற்காலை வலது கை விழுந்து, வாய் கோணிக்கொண்டது. முதலில் போன இடத்தில் வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். சரி, அதை விடுங்கள். 108-க்குப் போன் போட்ட எதிர்வீட்டுத் தம்பியும், பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேரும்வரை என் தலையை மடியில் தாங்கிய மச்சானும்தான் என்னைப் பிழைக்க வைத்தார்கள்.

உயிர் தங்கியது, பேச்சு தங்கவில்லை. இருபது வருடமாக நம் அன்பியத்தில், அக்கம்பக்கத்து வீடுகள் கூடிச் செபிக்கும் கூட்டத்தில், செபம் சொன்னவன் நான். ஆரம்பித்தால் கால் மணி நேரம் நிறுத்தமாட்டேன் (சிலர் நெளிந்ததும் தெரியும்). அப்படிப்பட்டவனுக்கு 'அருள் நிறைந்த மரியே' கூட வாயில் வரவில்லை. சொல்ல முடியாதவனுக்குச் செபம் ஏது என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில். தம்பிமார் மூன்று பேர் சாயங்காலமானால் வலையோடு என் வாசலுக்கு வந்தீர்கள். நலம்கூட அதிகம் விசாரிக்கவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஊசியில் நூல் ஏற்றி, அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பீர்கள். நான் கட்டிலில் கிடந்து பார்ப்பேன். இருட்டியதும் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு எழுந்து போவீர்கள்.

அப்பாவோடு வள்ளத்தில் போன ராத்திரிகள் ஞாபகத்துக்கு வந்தன. வலையை விட்டபின் விடியும்வரை அவர் பேசமாட்டார். இருட்டில் அவருடைய பீடி நெருப்பு தெரிந்தால் போதும், நான் நிம்மதியாகத் தூங்குவேன். ஆண்டவரோடு நான் அப்படி இருந்ததே இல்லை. இருபது வருடம் பேசித் தீர்த்தேன், அவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று ஒருதடவை திரும்பிப் பார்த்தவனில்லை.

சிஸ்டர் ஒருநாள் வந்து யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். சீடர்களுக்கு ராத்திரி முழுக்க ஒன்றும் படாமல், விடிந்ததும் 153 பெரிய மீன். அந்தக் கணக்கு நமக்கு மனப்பாடம். இந்தத் தடவை என் காதில் விழுந்தது கரையில் எரிந்த கரி நெருப்பும், அதன்மேல் இருந்த மீனும்தான். சாப்பிட வாருங்கள் என்கிறார் இயேசு. 'நீர் யார்' என்று கேட்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை, ஆண்டவர் என்று தெரியும். பேதுருவே பேசாமல் சாப்பிடுகிறார், பாருங்கள்! அன்று ராத்திரி நானும் அந்த நெருப்புப் பக்கம் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். வேறெதுவும் கேட்கவில்லை.

புனித அருளானந்தர் 1693-இல் தலை கொடுத்த ஓரியூரிலிருந்து செம்மண் கொண்டுவந்து நெற்றியில் பூசிய சின்னம்மாவுக்கும், கைப்பயிற்சிக்குக் கூட்டிப்போய் வாடகை வாங்க மறுத்த ஆட்டோ பாய்க்கும், கஞ்சித் தூக்கு அனுப்பிய வீடுகளுக்கும் நன்றி.

வைகாசிக் கடைசியில் பேச்சு திரும்பியது. முதலில் வந்தது செபம் ஒன்றும் இல்லை. இளையவன் தாண்டிப்போன கண்ணியைக் காட்டி, "விட்டுட்ட" என்றேன். தம்பிமார் சிரித்தீர்கள், என் வீட்டுக்காரி அழுதாள்.

வருகிற சனிக்கிழமை அன்பியம் எங்கள் வீட்டில். செபத்தை வேறு யாராவது சொல்லுங்கள், நான் உங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். மீன் குழம்பு உண்டு.