என்னைவிட மூத்த முட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். "அவ்வளவு தூரம் போய்த் தெள்ளுப்பூச்சியா வளர்க்கிறாய்?" என்று போன வாரம் போனில் சிரித்தீர்கள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் இருப்பது போடன்சே ஏரிக்கரையில். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றுக்கும் பொதுவான ஏரி. ஆழமான பகுதியில் யார் எல்லை எங்கே முடிகிறது என்று மூன்று நாடுகளும் இன்றுவரை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளவில்லை, அதற்காகச் சண்டையும் இல்லை. குளிர் பழகிவிட்டது. மொழிதான் இன்னும் பிடிபடவில்லை. நல்லவேளையாக, ஆய்வகத்தில் எனக்கு வாய்த்த கூட்டத்துக்குப் பேச்சே தேவையில்லை. குடுவைகளில் தத்தித் தத்தி நீந்தும் டாஃப்னியா அது. தண்ணீர்த் தெள்ளு என்றுதான் இங்கேயும் பெயர். ஆனால் பூச்சியே அல்ல, இறாலுக்குத் தூரத்து உறவு. ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும். உடம்பு கண்ணாடி மாதிரி. நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் துடிப்பதும் குடலில் பச்சை இறங்குவதும் தெரியும்.

பாவம், அதற்குச் சாப்பாட்டைப் பொறுக்கத் தெரியாது. கால்களை அடித்து நீரை உள்ளே இழுத்து, வருவதை எல்லாம் வடிகட்டி விழுங்கும். அதே நீரில் வாழும் கோப்பிபாட் என்கிற இன்னொரு குட்டி உயிர் அப்படி இல்லை, ருசி பார்த்துப் பிடிக்காததை விட்டுவிடும். அதனால் நீலப்பச்சைப் பாசி (பெயர்தான் பாசி, உண்மையில் பாக்டீரியா) பெருகும்போது டாஃப்னியாவுக்குத்தான் பெரிய அடி. மைக்ரோசிஸ்டிஸ் என்கிற வகை திரள் திரளாகச் சேர்ந்து வாய்கொள்ளாமல் நிற்கும். இழை வகைகள் வடிகட்டியில் சிக்கும், அவற்றை உதறும்போது கூடவே நல்ல தீனியும் போய்விடும். விழுங்கினாலும் சத்து இல்லை. உடம்பு கட்டத் தேவையான ஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருள் அதில் கிடையாது.

அப்புறம் அந்தப் பாசியின் நஞ்சு. மைக்ரோசிஸ்டின் என்பது செல்லுக்குள் போய் முக்கியமான நொதிகளை முடக்கும். எனக்கு மனசு ஆறாதது இன்னொன்று. மைக்ரோவிரிடின் ஜே என்ற பொருள் டாஃப்னியாவைத் தோலுரிக்க விடாது. வளர வேண்டிய உடம்பு கழற்ற முடியாத பழைய சட்டைக்குள் மாட்டிக்கொண்டு சாகும். முதல்முறை அதைப் பார்த்த அன்று வேலையை அப்படியே வைத்துவிட்டுக் கரையோரம் நடக்கப் போய்விட்டேன்.

ஒரு காலத்தில் இந்த ஏரி தெளிவாக இருந்ததாம். சாக்கடையும் சலவைத்தூள் பாஸ்பேட்டும் கலக்கக் கலக்க, 1980 வாக்கில் பாஸ்பரஸ் லிட்டருக்கு 80 மைக்ரோகிராமைத் தாண்டியது. அந்தச் சத்தில் நீலப்பச்சைப் பாசியும் கூடியது. பிறகு மூன்று நாடுகளும் கழிவுநீரைச் சுத்திகரித்தன. சுவிட்சர்லாந்து 1986-ல் சலவைத்தூளில் பாஸ்பேட்டையே தடை செய்தது. இப்போது பாஸ்பரஸ் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கும் கீழே நிற்கிறது. ஏரி மிதமிஞ்சிச் சுத்தமாகி மீனுக்குத் தீனி போதவில்லை என்று மீனவர்கள் குறைப்படுகிறார்கள், அது தனிக் கதை.

உங்களுக்குப் பிடிக்கப்போவது இதுதான். காலம் கெடும்போது டாஃப்னியா, சேணம் போன்ற ஒரு கெட்டி உறைக்குள் முட்டையை வைத்து விட்டுவிடும். அது அடியில் போய்ப் படியும். சேறு வருஷாவருஷம் மேலே மேலே சேர்வதால், கீழே போகப் போகப் பழைய முட்டை. நெல்சன் ஹேர்ஸ்டன், வின்ஃபிரீட் லாம்பெர்ட் என்ற விஞ்ஞானிகளின் குழு அந்தச் சேற்றை அடுக்கடுக்காகப் பிரித்து, பல வருஷம் தூங்கிய முட்டைகளைப் பொரிக்கவைத்தது. அந்த ஆய்வு 1999-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியானது. நஞ்சுள்ள மைக்ரோசிஸ்டிஸ் கலந்த தீனியைக் கொடுத்தால், 1960-களின் முட்டைகளிலிருந்து வந்தவை வளர முடியாமல் திணறின. 1970-களின் கடைசியிலும் அதற்குப் பிறகும் இட்ட முட்டைகளிலிருந்து வந்தவை அந்த அளவு தளரவில்லை. பாட்டியையும் பேத்தியையும் ஒரே வயதில் ஒரே பந்தியில் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார்கள்!

எனக்குக் குளிர் பழகியதுபோல அவை பழகிக்கொண்டன என்று நினைத்துவிடாதீர்கள். தாங்காதவற்றுக்குப் பிள்ளைகள் குறைந்தன, தாங்கியவற்றின் வம்சம் பெருகியது. அவ்வளவுதான் நடந்தது. அதற்கு ஏரி எடுத்துக்கொண்டது சில பத்தாண்டுகூட இல்லை என்பதுதான் என்னை இங்கே பிடித்து வைத்திருக்கிறது.

நேற்று சேற்றைச் சலித்தபோது ஓர் உறையில் முட்டை முழுசாகக் கிடைத்தது. அடுக்கைப் பார்த்தால் என்னைவிட மூத்தது. விளக்கடியில் வைத்திருக்கிறேன். பொரித்தால் அங்கே நடுராத்திரியானாலும் கூப்பிடுவேன், போனை எடுங்கள். அம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பயந்துவிடப் போகிறாள்.

உங்கள் அன்பு மகள்