அப்பாவுக்கு, டேங்க் மாற்றிய கதை

கால்கூர்லி,
மேற்கு ஆஸ்திரேலியா.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று போனை உங்களிடம் கொடுத்துவிடுகிறார். நீங்களாவது உண்மையை எழுதுங்கள்.

போன வாரம் வண்டிக்கு 1 லட்சம் ரூபாய் ஆனது என்றதும் நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். போனில் விளக்கினால் சண்டையாகிவிடும் என்றுதான் கடிதம். சரி, விஷயம் இதுதான்: என் ஹைலக்ஸ் பிக்கப்புக்குப் பெரிய டீசல் டேங்க் மாட்டியிருக்கிறேன்.

ஏன் என்று புரிய என் வேலையைச் சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள், அதாவது துளை போடும் எந்திர லாரிகள், தண்ணீருக்குத் துளை போடுகின்றன. இங்கே தங்கம் இருக்கிறதா என்று பார்க்கப் போடுகிறார்கள். தண்ணீர் வந்தால் யாருக்கும் சந்தோஷம் இல்லை. பல இடங்களில் அது கடல்நீரைவிட உப்பு. இந்த ஊருக்குக் குடிநீர் பெர்த் பக்கத்து அணையிலிருந்து 530 கிலோமீட்டர் குழாயில் வருகிறது, 1903 முதல். உங்களை இங்கே கூட்டி வந்தால் முதலில் அந்தக் குழாயைத்தான் காட்டுவேன்.

ரிக் எங்காவது பழுதாகி நின்றுவிட்டால் சாமான்களோடு நான் போக வேண்டும். லாவர்ட்டன் என்ற ஊர் வரை தார் ரோடு. அதற்கு அப்புறம் பெரும்பாலும் செம்மண் பாதை. லாவர்ட்டனை விட்டால் நம்பிப் போகக்கூடிய அடுத்த பங்க் ஏறக்குறைய 300 கிலோமீட்டரில். அதை விட்டால் வார்பர்ட்டன், இன்னொரு 250. நடுவில் ஒரு டீக்கடைகூட இல்லை. ரிக் நிற்பதோ பாதையிலிருந்து விலகி, புதர்க்காட்டுக்குள். வண்டியோடு வந்த டேங்க் 80 லிட்டர். தார் ரோட்டில் 100 கிலோமீட்டருக்கு 8, 9 லிட்டரில் போகும் வண்டி, சுமையோடு மணலில் 13 குடிக்கிறது. 600 கிலோமீட்டரில் டேங்க் காலி. போய்த் திரும்பக் காணாது.

அதனால் நீங்கள் பேரல் கட்டிக்கொண்டு சத்தீஸ்கர் போன மாதிரி நானும் பின்னால் 2 கேன் கட்டினேன். போன மாதம் ஒரு கேன் மூடி குலுங்கிக் குலுங்கித் தளர்ந்து, பாதி டீசல் கொட்டிவிட்டது. அரிசி போனது, படுக்கை போனது, அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியும் போனது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம். மீதி டீசலில் பங்க் போய்ச் சேர்ந்தபோது டீசல் தீரப்போகிறது என்று காட்டும் விளக்கு எரிய ஆரம்பித்து வெகுநேரமாகியிருந்தது. அங்கே டவுனைவிட விலை அதிகம். ஆனால் அன்றைக்கு விலை கேட்கத் தோன்றவில்லை.

புது டேங்க் 140 லிட்டர், கெட்டி பிளாஸ்டிக். பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டுவது. ஸ்டெப்னி இருக்கும் இடத்தைத் தொடவில்லை, ஆனால் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கிறது. கல்லில் அடிபடாமல் இருக்கத் தகடு உண்டு. நிரப்பினால் முன்னைவிட 50 கிலோ கூடுதல். ஒரு சிமெண்ட் மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் மொத்த எடைக்குச் சட்டத்தில் வரம்பு இருப்பதால் அந்த அளவுக்குச் சாமானைக் குறைத்துவிட்டேன். உள்ளே தடுப்புகள் இருப்பதால் வளைவில் டீசல் அதிகம் அலம்பாது.

இங்கே ஒரு பெரியவர், பழைய மெக்கானிக், தன் கொட்டகையில் இடம் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. டீசலை இறக்கி, பழைய டேங்கை ஜாக்கியில் தாங்கிப் பட்டைகளைக் கழற்றினோம். உறிஞ்சு குழாயும், டீசல் அளவைக் காட்டும் மிதவையும் பழையதிலிருந்தே புதியதற்கு மாற்றினோம். அப்புறம் ஃபில்டர் மேலிருக்கும் பம்பைக் கையால் அமுக்கி ஏர் எடுத்ததும் இரண்டாவது சுற்றில் ஸ்டார்ட் ஆனது.

பெருமையாகப் பங்குக்குப் போனேன். 10 லிட்டர் போடுவதற்குள் நாசில் டக்கென்று நின்றது. மறுபடி அழுத்தினால் மறுபடி டக். டீசல் நுரைத்துக்கொண்டு வாய்வரை வந்தது. பின்னால் வரிசையில் இருந்தவர் ஹாரன் அடித்தார். காற்று வெளியேறும் சின்னக் குழாயை நான்தான் மடக்கி வைத்து மாட்டியிருக்கிறேன். திரும்பிப் போய் மொத்தத்தையும் இறக்கி ஏற்ற வேண்டியதாயிற்று. பெரியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஜாக்கியை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

இப்போது சுமையோடு 1,000 கிலோமீட்டர் தாராளமாகப் போகிறது. ஒரே குறை, மிதவை பழைய டேங்கின் உயரத்துக்குச் செய்தது. முள் வெகுதூரம் 'ஃபுல்'லிலேயே நிற்கிறது, அப்புறம் சரசரவென்று இறங்குகிறது. அதை நம்பாமல், போட்ட லிட்டரையும் ஓடிய கிலோமீட்டரையும் நோட்டில் எழுதுகிறேன். நீங்கள் மூங்கில் குச்சியை விட்டு ஈரம் பார்ப்பீர்களே, அதையும் முயன்றேன். வாய்க்குழாய் வளைந்து போவதால் குச்சி பாதியிலேயே முட்டிக்கொண்டது.

பொடி அனுப்பினால் இந்த முறை முன்சீட்டில்தான் வைப்பேன். தீர்ந்துவிட்டது என்று மட்டும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்