பிரானி தீவின் ஈயமும் கோல குபுவின் மணலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நம் சிங்கப்பூர்த் துறைமுகத்தின் பழைய வணிகம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பிரானி தீவில் 1890-இல் ஈய (வெள்ளீயம், அதாவது டின்) உருக்காலை வந்ததையும், மலாயாவின் ஈயம் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டின்’ என்ற பெயரோடு உலகமெங்கும் போனதையும் நன்றாக எழுதியிருந்தார்கள். ஆனால் தோண்டிய இடம் என்ன ஆனது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

என் அம்மா மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள கோல குபு பாருவுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். ‘பாரு’ என்றால் மலாயில் புதிது. பழைய கோல குபு மணலுக்கு அடியில் போய்விட்டது. ஈயச் சுரங்கத்தை அம்மா லம்பம் என்றுதான் சொல்வார். லம்பத்தில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பார்கள். கனமான ஈயமணல் பலகை வாய்க்காலில் தங்கிவிடும். மிச்சச் சேறும் மணலும் ஆற்றுக்குப் போகும். இப்படியே ஆண்டுக்கணக்கில் போனதில் சிலாங்கூர் ஆற்றின் படுகை மேடேறியது. மழைக்கு மழை வெள்ளம். 1926 பெருவெள்ளத்துக்குப் பிறகு ஊரையே வேறு இடத்துக்கு மாற்றவேண்டியதாயிற்று. தாத்தா அந்தக் கடைத்தெருவைப் பார்த்தவர். வெள்ளம் வடிந்த பிறகு வாசற்படி எதுவும் தெரியவில்லை, கதவுகள் பாதிவரை மணலில் நின்றன என்பாராம். ஈயம் உருக்கக் கரிக்காக வெட்டிய காடு தனிக்கணக்கு.

இன்னொன்று. லம்பத்துக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள் என்பதால் இது நம் கதையல்ல என்று நினைக்கிறோம். ஆனால் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட மலாயாவின் முதல் ரயில் பாதையே ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோகத்தான். அடுத்தடுத்து நீண்ட பாதைகளில் மண் வெட்டித் தண்டவாளம் போட்டவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! 1915-இல் தொடங்கிய பத்து ஆராங் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்திலும் சீனர்களோடு தமிழர்கள் உழைத்தார்கள். 1937-இல் அங்கு நடந்த பெரிய வேலைநிறுத்தம் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அமெரிக்கர்கள் தங்கள் நாட்டில் உருக்காலை வைத்து மலாயாத் தாதுவை வாங்க முனைந்தபோது, 1903-இல் தாது ஏற்றுமதிக்குக் கடும் வரி போட்டுத் தடுத்துவிட்டது காலனி அரசு. இங்குள்ள உருக்காலைக்கு ஆபத்து என்றதும் அவ்வளவு விரைவாகச் சட்டம் போட முடிந்தது. கோல குபு பல வெள்ளங்களைத் தாங்கிய பிறகே இடம் மாறியது.

இன்று பிரானியில் கொள்கலன்கள்தான் அடுக்கியிருக்கின்றன. செந்தோசாவுக்குப் போகும் வழியில் அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மணல்தான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக லம்பத்து ஊர்களைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். கேட்டறிந்த பெரியவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அம்மாவுக்கு வயது 84. உங்கள் நிருபர் வருவதாக இருந்தால் காலையில் வரட்டும்; மதியத்துக்கு மேல் அசந்துவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உட்லண்ட்ஸ்